கோவளத்தில் சர்ஃபிங் எடுக்க முதல் கேமரா, 20 ஆயிரத்துக்குள் எது?

உப்புத்தண்ணி:

வணக்கம் மக்களே. வேலை சென்னை சிறுசேரியில், சனி ஞாயிறு விடிகாலையில் பக்கத்துக் கோவளம், கேரளத்துக் கோவளம் இல்லை. ஆறு மாதமாக சர்ஃபிங் கற்றுக்கொண்டிருக்கிறேன். இன்னும் வாடகைக்கு எடுக்கும் எட்டடி ஃபோம் போர்டுதான். நுரையில் எழுந்து நிற்க வந்துவிட்டது, உடையாத அலையைப் பிடித்தால் பத்துக்கு மூன்று தடவை நிற்கிறேன், மீதி ஏழு தடவை மூக்கு வழியாகக் கடல் உள்ளே போகிறது. பயிற்சி தரும் அண்ணன் ஒவ்வொரு வாரமும் "எழும்போது கீழே பார்க்கிறாய், பின்கால் விறைத்து நிற்கிறது" என்கிறார். நான் இல்லவே இல்லை என்று சாதித்துக்கொண்டிருக்கிறேன். இந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் கேமரா. யூடியூப் சேனல் தொடங்கும் எண்ணமெல்லாம் இல்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது.

போனை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். உறையின் மேல் தண்ணீர் பட்டதும் தொடுதிரைக்குப் பேய் பிடித்துவிட்டது. வீடியோவைத் தானே நிறுத்தி, தானே வாட்ஸாப்பைத் திறந்து, என் மேனேஜருக்கு அழைப்பு போட்டிருக்கிறது. ஞாயிறு காலை 6:40. திங்கட்கிழமை அவர் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

கார்டு, மாட்டுகிற சாமான் எல்லாம் சேர்த்து 20 ஆயிரம். இதுவரை மனதில் இருப்பவை: ஆன்லைனில் ஆறேழாயிரத்துக்கு வரும் "4கே" கேமராக்கள், பெட்டியோடு இருபது சாமான் தருகிறார்களே அவை, தண்ணீர் தாங்கும் சின்னக் கேமரா செய்யும் கோப்ரோவின் அந்தக் குட்டி ஹீரோ, இல்லையென்றால் பழைய ஹீரோ 7, 9 அல்லது ஓஸ்மோ ஆக்‌ஷன் 3 யாராவது விற்றால் அது. மார்புப் பட்டையும் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், 600 ரூபாய். எதை வாங்கினால் வருத்தப்பட மாட்டேன்?


கொல்லிமலை70:

நான் சர்ஃபிங் ஆள் இல்லை, சைக்கிள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி எடுத்த வீடியோவை வீட்டில் போட்டுக் காட்டியபோது அம்மாவுக்குத் தலைசுற்றி வாந்தி வராத குறை. நீங்கள் சொல்லும் அதே ஆறாயிரம் ரூபாய் ரக கேமராவில் எடுத்தது. பெயர் வேண்டாம், இப்போது அது காரில் டேஷ்கேமாக ஓய்வு எடுக்கிறது.

4கே என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்புவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். 4கே என்றால் 3840 பெருக்கல் 2160, அதாவது கிட்டத்தட்ட 83 லட்சம் புள்ளிகள். சென்சார் 5 மெகாபிக்சல் என்று அதே பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். 50 லட்சம் புள்ளியை வைத்துக்கொண்டு 83 லட்சம் எப்படி வரும்? இல்லாததை இழுத்து ஊதி நிரப்புகிறார்கள், சப்பாத்தி மாவு பற்றாமல் மெலிதாகத் தேய்ப்பது போல. அதற்கு நேர்மையான 1080பி, அதாவது முழு எச்டி, எவ்வளவோ மேல்.

நான் முதலில் பார்க்கச் சொல்வது ஆட்டத்தைக் குறைக்கும் வசதி. கோப்ரோவில் ஹைப்பர்ஸ்மூத் என்பார்கள், 2018இல் ஹீரோ 7 பிளாக்கோடு வந்தது. ஓஸ்மோவில் ராக்ஸ்டெடி. கேமராவுக்குள் இருக்கும் ஜைரோ எந்தப் பக்கம் எவ்வளவு ஆடியது என்று அளந்து, படத்தின் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டி, எதிர்த்திசையில் நகர்த்திவிடும். மலிவு கேமராக்களிலும் இதே வசதியை இஐஎஸ் என்று எழுதியிருப்பார்கள், பெரும்பாலும் எழுத்தோடு சரி. ஆனால் எந்தக் கேமராவாக இருந்தாலும் இதற்கு வெளிச்சம் வேண்டும். விடியும் முன் எடுத்தால் ஷட்டர் மெதுவாகிவிடும், ஒவ்வொரு ஃப்ரேமும், அதாவது வீடியோவின் ஒவ்வொரு படமும், தனித்தனியாகவே மங்கிப்போயிருக்கும், மங்கியதை எவ்வளவு நேராக அடுக்கினாலும் மங்கல்தான்.

குட்டி ஹீரோ 86 கிராம், கையில் இருப்பதே தெரியாது. ஆனால் 4கேயில் நொடிக்கு 30 ஃப்ரேம்தான். வேகம் குறைத்துப் பார்க்க வேண்டும் என்றால் 4கேயை விடச் சின்ன அளவான 2.7கேயில் 60, அவ்வளவே. பேட்டரியைக் கழற்ற முடியாது, முன்பக்கத் திரை கிடையாது. ஆட்டம் குறைப்பதையும் போனில் செயலிக்குள் போட்டுத்தான் செய்ய வேண்டும். பின்கால் விறைக்கிறதா என்று பார்க்கப் போகிறவருக்கு நொடிக்கு 60 ஃப்ரேமாவது கட்டாயம் வேண்டும், பாதி வேகத்தில் ஓட்டிப் பார்க்கலாம். ஹீரோ 9இல் 2.7கேயிலேயே 120 வரை போகலாம், நாலில் ஒரு பங்கு வேகத்தில் ஓட்டிப் பார்க்கலாம். ஆக, என் ஓட்டு பழைய ஹீரோ 9.


ராத்திரிப்பணி:

மேனேஜருக்கு மறுபடி ஞாயிறு 6:40க்குப் போடுங்கள், அவரே வந்து வீடியோ எடுத்துத் தருவார்.

போன்தான் என்றால் ஒலி கூட்டும் பொத்தானை வைத்துப் பதிவைத் தொடங்கி, திரையைப் பூட்டும் செயலி ஏதாவது போட்டுக்கொண்டு போகலாம், தண்ணீருக்குள் தொடுதிரை வேலைக்கு ஆகாது. அதுவும் நீச்சல் குளத்துக்குச் சரி. அலைக்கு வேண்டாம் தலைவா, உறை கழுத்தை நெரிக்கும்.


மணல்திட்டு:

தம்பி, மேலே சைக்கிள் தம்பி சொன்னது அத்தனையும் சரி, ஆனால் சைக்கிளுக்குச் சரி. நான் இதே கரையில் பத்து வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன், எத்தனை கேமரா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை என்று கணக்கு வைத்திருந்தால் ஒரு கடையே போடலாம். எந்தக் கேமரா என்று கேட்கும் முன் கேமரா எங்கே உட்காரப்போகிறது என்று யோசி. மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வரும்.

மார்புப் பட்டையை இப்போதே மறந்துவிடு. சர்ஃபிங்கில் பாதி நேரம் நீ நெஞ்சில் படுத்துக் கையால்தானே துழாவுகிறாய்? கேமரா உனக்கும் போர்டுக்கும் நடுவில் கிடந்து விலா எலும்பைக் குத்தும். இருட்டையும் உன் மூச்சுச் சத்தத்தையும் ஒரு மணி நேரம் பதிவு செய்துகொண்டு வருவாய். தலைப்பட்டையை முதல் பெரிய அலை கழற்றிக்கொண்டு போய்விடும்.

போர்டின் மூக்கில் ஒட்டுவது பார்க்க அழகாக இருக்கும், உன் முகம், பின்னால் அலை. ஆனால் அந்த ஒட்டும் பட்டை வழுவழுப்பான கெட்டி போர்டுக்குத்தான் ஒட்டும், அதையும் கால் வழுக்காமல் பூசிய மெழுகைச் சுரண்டி, துடைத்து, முந்தின நாளே ஒட்டி 24 மணி நேரம் விட வேண்டும். உன்னுடையது ஃபோம், அதில் எதுவும் நிற்காது. ஃபோம் போர்டுக்குத் துளை போட்டு மேலும் கீழும் திருகும் மவுண்ட் ஒன்று இருக்கிறது, ஆனால் வாடகை போர்டில் துளை போட்டால் நானே உன்னைத் துரத்துவேன். அது போக, கற்றுக்கொள்பவன் கீழே விழும்போது போர்டு எந்தப் பக்கம் வரும் என்று அவனுக்கே தெரியாது. அதன் மூக்கில் கெட்டியாக ஒரு கட்டி துருத்திக்கொண்டிருப்பது உன் பல்லுக்கும் நல்லதல்ல, பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கும் நல்லதல்ல.

பல்லால் கடித்துக்கொள்ளும் மவுண்ட் ஒன்று வருகிறது, கழுத்தில் கயிற்றோடு. நன்றாகச் சர்ஃபிங் செய்பவர்கள் அலைக் குழாய்க்குள் போகும்போது அதைத்தான் வைத்திருப்பார்கள், அவர்கள் கண்ணில் படுவது அப்படியே கிடைக்கும். உனக்கு என்ன கிடைக்கும்? நீ எங்கே பார்த்தாயோ அது கிடைக்கும். கீழே பார்க்கிறாயா இல்லையா என்ற வழக்கு அதில் தீர்ந்துவிடும், ஒத்துக்கொள்கிறேன். பின்கால் தெரியாது.

கோப்ரோவைத் தொடங்கிய நிக் வுட்மேனே 2002இல் ஆஸ்திரேலியா, இந்தோனேசியா என்று சர்ஃபிங் போனபோது மணிக்கட்டில் கேமராவைக் கட்டிப் படம் எடுக்கப் பார்த்ததில்தான் அந்த யோசனையே பிறந்தது. 2004இல் முதல் ஹீரோ வந்தபோது அது ஃபிலிம் கேமரா, மணிக்கட்டுப் பட்டையோடு. ஆக, தண்ணீருக்குள் சர்ஃபிங் எடுக்கத்தான் அந்தச் சாமான். ஆனால் இது பக்கத்தில் இருப்பதை எடுக்கும் சாமான், அகல லென்ஸ். கரையில் நின்று அதே கேமராவில் உன்னை எடுத்துப் பார், கடலில் ஒரு மிளகு மிதப்பது போல இருப்பாய். பத்தடி தூரத்துக்குள் வந்தால்தான் ஆள் ஆளாகத் தெரியும்.

அப்படியும் தண்ணீருக்குள் கொண்டுபோவேன் என்றால் ஆரஞ்சு நிறத்தில் மிதக்கும் கைப்பிடி வாங்கு. ஓஸ்மோ, கோப்ரோ எதுவானாலும் கல் மாதிரி மூழ்கும், நம் கரையில் அலை மணலைக் கலக்கி டீ மாதிரி வைத்திருக்கும்போது இடுப்பளவு தண்ணீரில் விழுந்தாலும் கிடைக்காது. அப்புறம் லென்ஸ். ஒவ்வொரு அலைக்கும் முன்னால் நாக்கால் ஒரு நக்கு நக்கிவிடு, சிரிக்காதே, எல்லாரும் செய்வதுதான். எச்சில் பட்ட கண்ணாடியில் தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் மெல்லிசாகப் பரவி ஓடிவிடும். இல்லையென்றால் வாழ்க்கையில் ஒரே தடவை வந்த நல்ல அலையில் உன் முகத்துக்கு நேராக ஒரு சொட்டு உட்கார்ந்திருக்கும்.


உப்புத்தண்ணி:

அண்ணே, மார்புப் பட்டை கார்ட்டில் இருந்தது, இப்போது இல்லை. ஆமாம், படுத்துத்தானே துழாவுகிறோம், இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அப்படியென்றால் கரையில் இருந்து ஒருவர் எடுப்பதுதான் வழியா? அக்கா சில ஞாயிறுகளில் கூட வருவாள், மணலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு நான் விழுவதை எண்ணுவாள். அவள் கையில் என்ன கொடுப்பது? அவள் போனில் பத்து மடங்கு ஜூம் இருக்கிறது, எடுத்தும் பார்த்தோம், எண்ணெய்ச் சாயத்தில் வரைந்தது போல வந்தது.


பொத்துவிலான்:

தம்பி, நான் இலங்கையில் அறுகம்பைப் பக்கம். சீசனுக்கு வாற ஆட்களைக் கரையில் நின்று வீடியோ எடுத்துக் கொடுக்கிறது என்ர பகுதிநேரத் தொழில் என்றபடியால் இதில் கொஞ்சம் கதைக்கலாம்.

உங்கட அக்காவின் கையில் ஆக்‌ஷன் கமராவைக் கொடுக்க வேண்டாம். இருபதாயிரம் இந்தியக் காசுக்கு பழைய பிரிட்ஜ் கமரா ஒன்று தேடுங்கோ, லென்ஸ் கழற்ற முடியாத, பெரிய ஜூம் உள்ள ஆள். நான் தொடங்கினது பானசோனிக் எஃப்இசட்200இல். 2012இல் வந்த கமரா, 25இல் இருந்து 600 மில்லிமீற்றர் மட்டும் போகும், ஜூமின் கடைசி நுனியிலும் லென்ஸின் வாய் எஃப்2.8 அளவுக்கு அகலத் திறந்தே இருக்கும். விடியக் காலம் குறைஞ்ச வெளிச்சத்தில் ஷட்டர் வேகத்தைக் கூட்டி எடுக்க அது பெரிய உதவி. 1080பியில் நொடிக்கு 60 ஃபிரேம் எடுக்கும். அதற்குப் பிறகு 2015இல் வந்த எஃப்இசட்300 இன்னும் திறம், 4கே உண்டு, தூவானமும் தூசியும் ஓரளவு தாங்கும், ஆனால் விலை கூட. இரண்டுக்கும் சென்சார் சின்னன் தான், படத்தைப் பெருசாக்கிச் சுவரில் மாட்ட ஏலாது. பின்கால் மடங்குதா என்று பார்க்க தாராளம்.

லென்ஸ் மாற்றக்கூடிய பழைய கனன் டிஎஸ்எல்ஆர் ஒன்றும் 55-250 லென்ஸும் சேர்த்து வாங்கலாம் என்று ஆராவது சொல்லுவினம். வாங்கலாம், படம் வடிவாக வரும். ஆனால் 250 கரையில் இருந்து எட்டாது, எங்கட மெயின் பொயின்ற் என்கிற இடத்தில் அலை கரையோரமாகவே உருண்டு வாறபடியால் எட்டும், உங்கட கோவளத்தில் ஆட்கள் எவ்வளவு தூரத்தில் நிற்கினம் என்று பார்த்துச் செய்யுங்கோ.

இப்ப முக்கியமான ஒன்று, இதை ஒருத்தரும் சொல்லவில்லை. உங்களுக்கும் எங்களுக்கும் கடல் கிழக்கே. நல்ல அலை விடியத்தான், காற்று எழும்ப முதல் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கேக்க. அந்த நேரம் சூரியன் எங்க நிற்கும்? கடலுக்கு மேல, நேரே கமராவின் கண்ணுக்குள்ள. ஆள் முழுக்கக் கறுப்பு நிழலாக வருவார். பின்னேரம் சூரியன் முதுகுக்குப் பின்னால போயிரும், வெளிச்சம் அருமை, ஆனால் கடற்காற்று வீசித் தண்ணி குழம்பிப் போயிருக்கும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. நான் செய்யிறது, விடிய எடுக்கேக்க எக்ஸ்போஷரை ஒன்று கூட்டி வைப்பன், பின்னால வானம் வெளுத்துப் போனால் போகட்டும், ஆள் தெரிய வேணும். அதோட ஆளுக்கு எந்தப் பக்கம் சூரியன் நிற்குதோ அந்தப் பக்கமாகவே கரையில் ஐம்பது நூறு மீற்றர் நடந்து போய்ச் சரிவாக நின்று எடுப்பன், நேரே பார்க்கிறதை விட எவ்வளவோ நல்லம்.

அக்காவிடம் சொல்லுங்கோ, முழு ஜூமில் தேட வேண்டாம். அகலமாக வைத்து ஆளைப் பிடித்துவிட்டு, அவர் எழும்ப வெளிக்கிடேக்க மெல்ல உள்ள போக வேணும். முதல் கிழமை எல்லாரும் வெறுங்கடலைத்தான் எடுப்பினம். மூன்று கால் ஸ்ராண்ட் மணலில் கொஞ்சம் புதைத்து வைத்தால் காற்றுக்கு ஆடாது.


கொல்லிமலை70:

கரை கேமரா நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் அக்கா வராத ஞாயிறு? கேமராவை மணலில் தனியாக நிறுத்திவிட்டுக் கடலுக்குப் போனால் கோவளத்தில் ஞாயிறு கூட்டத்தில் திரும்பி வரும்போது ஸ்டாண்ட் மட்டும் இருக்கும், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால். ஆக்‌ஷன் கேமரா என்றால் தனி ஆளாகச் சமாளிக்கலாம்.

இன்னொன்று, ஹீரோ 9இல் ஹைண்ட்சைட் என்று ஒன்று இருக்கிறது. பொத்தானை அழுத்துவதற்கு முந்தின 15 அல்லது 30 நொடியையும் சேர்த்துப் பிடித்துவிடும். அலை முடிந்த பிறகு அழுத்தினால் போதும். பேட்டரி வேகமாகக் குறையும், அதையும் சொல்லிவிடுகிறேன்.


மணல்திட்டு:

சைக்கிள் தம்பி, ஹைண்ட்சைட் உண்மையிலேயே நல்ல விஷயம். ஒரு மணி நேரம் தண்ணீரில் இருந்தால் இந்தத் தம்பி ஏழெட்டு அலை பிடிப்பான், ஒவ்வொன்றும் பத்து நொடி. மொத்தம் ஒன்றரை நிமிடம் கூட வராது. மீதி ஐம்பத்தெட்டு நிமிடம் துழாவுவதும் உட்கார்ந்திருப்பதும்தான், வீட்டுக்கு வந்து அத்தனையையும் ஓட்டிப் பார்க்க யாருக்குப் பொறுமை. ஆனால் ஆட்டம் குறைக்கும் வசதி உனக்கு முக்கியமான அளவுக்கு இங்கே முக்கியமில்லை. போர்டில் மாட்டினால் கேமராவும் ஆளும் ஒன்றாகத்தான் ஆடுகிறார்கள், படத்தில் ஆள் அசையாமல் இருப்பான், தொடுவானம்தான் ஆடும், அது கடல், ஆடட்டும்.

2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய சர்ஃபிங் போட்டி நடந்ததே, நம் நாட்டு ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினாரே, அப்போது கரையில் நின்று பார்த்தேன். படம் எடுக்க வந்தவர்கள் கையில் முழங்கை நீளத்துக்கு லென்ஸ். பொத்துவில்காரர் சொல்வது தொழில்காரர் பேச்சு, கேட்டுக்கொள்.


நட்டுபோல்ட்:

கேமரா பழுது பார்க்கும் வேலை எனக்கு. தம்பி பழையதுதான் வாங்கப் போகிறார் என்று தெரிகிறது, அதனால் மேசைக்கு வருவதை வைத்துச் சொல்கிறேன்.

ஹீரோ 7 என்று விளம்பரம் பார்த்தால் எந்த ஹீரோ 7 என்று கேளுங்கள். பிளாக், சில்வர், வொய்ட் என்று மூன்று உண்டு. ஹைப்பர்ஸ்மூத்தும் கழற்றும் பேட்டரியும் பிளாக்கில் மட்டும்தான். மற்ற இரண்டிலும் பேட்டரி உள்ளேயே அடைபட்டது, இத்தனை வருடத்தில் அது எவ்வளவு தாங்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. விற்பவர் பொய் சொல்வதில்லை, "ஹீரோ 7" என்று மட்டும் போடுவார், நாம்தான் மீதியை நாமே நிரப்பிக்கொள்கிறோம்.

நேரில் போய்ப் பாருங்கள். பேட்டரியை வெளியே எடுத்து மேசைக் கண்ணாடியில் வைத்து விரலால் சுழற்றுங்கள், சுழன்றால் நடுவில் உப்பியிருக்கிறது என்று அர்த்தம், தட்டையானது சுழலாது. கதவைத் திறந்து அதைச் சுற்றி இருக்கும் ரப்பரைப் பாருங்கள், பச்சையோ வெள்ளையோ பூத்த மாதிரி உள்ளே ஏதாவது இருந்தால் உப்புத்தண்ணீர் உள்ளே போய் வந்திருக்கிறது, பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். 4கே 60இல் வைத்து விடாமல் பத்து நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். பத்து நிமிடம் ஓட்ட விடாதவரிடம் வாங்காதீர்கள். ஓஸ்மோ என்றால் போன் செயலி வழியாக ஏற்கெனவே ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் தாங்கும் ஆழம் என்று ஹீரோ 9க்கு 10 மீட்டர், ஓஸ்மோ ஆக்‌ஷன் 3க்கு 16 மீட்டர் என்றெல்லாம் போட்டிருப்பது புதிதாக இருக்கும்போது, கதவு சுத்தமாக மூடியிருக்கும்போது. என்னிடம் தண்ணீர் புகுந்து வரும் கேமராக்களில் பெரும்பாலானவற்றில் கதவு ரப்பரில் ஒரு மணல் துணுக்கு இருக்கும், அல்லது ஒரே ஒரு தலைமுடி. கடற்கரையில் வைத்து ஒருபோதும் திறக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் கதவு மூடியபடியே ஒரு மக் நல்ல தண்ணீரில் பதினைந்து நிமிடம் போட்டு, பொத்தான்களை உள்ளேயே நாலு தடவை அழுத்தி, துடைத்து, காய்ந்த பிறகு காய்ந்த கையால் திறக்கவும். உப்பு காய்ந்தால் பொத்தான் இறுகிவிடும். தனி பிளாஸ்டிக் உறைக்குள் போடும் ரகம் என்றால் ஏசி அறைக்குள் வைத்து மூடுங்கள். சென்னை ஈரக்காற்றை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் உள்பக்கக் கண்ணாடி பனி மூடிவிடும்.

கார்டில் கஞ்சத்தனம் வேண்டாம். வி30 என்று அச்சிட்டது வாங்குங்கள், நொடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும் என்று அர்த்தம். நொடிக்கு 100 மெகாபிட் என்று வைத்து எடுத்தால் நொடிக்கு 12.5 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. போலி கார்டு நிறைய நடமாடுகிறது, 128 என்று எழுதியிருக்கும், உள்ளே 16தான், 16 நிரம்பியதும் சத்தமில்லாமல் பழையதை அழித்து எழுதும். வாங்கியதும் கணினியில் போட்டு முழுவதும் எழுதிப் படித்துச் சோதிக்கும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, ஓட்டிப் பாருங்கள்.


ராத்திரிப்பணி:

கார்டு விஷயம் சத்தியம். என் தங்கை கல்யாணத்தின் தாலி கட்டும் வீடியோ அப்படித்தான் போனது, பந்தி முழுவதும் இருக்கிறது, தாலி இல்லை.


பொத்துவிலான்:

ஐயோ. பந்தியாவது மிஞ்சினதே.


உப்புத்தண்ணி:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

முதலில் ஹீரோ 9 ஒன்றைப் பார்க்கப் போனேன். நட்டுபோல்ட் சொன்னபடி பேட்டரியை மேசையில் வைத்துச் சுழற்றினேன், பம்பரம் மாதிரி சுற்றியது. விற்பவரும் நானும் சேர்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பிறகு அக்காவிடம் பொத்துவில் அண்ணா எழுதியதைக் காட்டினேன். அவளுக்கு கேளம்பாக்கம் உப்பங்கழியில் வரும் பூநாரைகளை எடுக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை, 600 மில்லிமீட்டர் என்றதும் பாதிப் பணம் அவள் போடுகிறேன் என்றாள். எஃப்இசட்200 ஒன்று நல்ல நிலையில் 11 ஆயிரத்துக்குக் கிடைத்தது. பெட்டி இல்லை, பில் இல்லை, லென்ஸ் மூடியில் யாரோ ஒரு குழந்தையின் ஸ்டிக்கர். ஸ்டாண்டும் கார்டும் சேர்த்து 14க்குள் முடிந்தது, என் பங்கு ஏழு. கார்டைச் சோதித்தேன், சொன்ன அளவு இருக்கிறது. மீதியைத் தனியாக வைத்திருக்கிறேன், சொந்தமாகக் கெட்டி போர்டு வாங்கிய பிறகு ஹீரோவோ ஓஸ்மோவோ பார்க்கலாம்.

முதல் ஞாயிறு முழுவதும் நிழலுருவம், அதுவும் வெறுங்கடல். இரண்டாவது ஞாயிறு எக்ஸ்போஷரைக் கூட்டி, அக்கா மீன் ஏலம் நடக்கும் பக்கமாக நடந்து போய்ச் சரிவாக நின்று எடுத்தாள். ஒரு அலையில் நான் எழுவது முதல் விழுவது வரை முழுவதும் வந்தது, பதினோரு நொடி. பாதி வேகத்தில் ஓட்டினோம். கீழே பார்க்கிறேன். பின்கால் கொடிக்கம்பம். பயிற்சி அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, மறுபடி ஓட்டச் சொன்னார், அப்புறம் இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார், அப்புறம் டீக்கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

இப்போது வேறு பிரச்சினை. போன வாரம் 41 கிளிப் எடுத்திருக்கிறாள். அதில் 17இல் நான் இல்லை, அலைக்கு மேல் ஒரு ஆலா பறக்கிறது, அதை மட்டும் அவ்வளவு துல்லியமாகத் தொடர்ந்து எடுத்திருக்கிறாள்.